வாட்ஸ்அப்பில் ‘சரி’ போட்டால் வியாபாரம் முடிந்ததா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கட்டட நிறுவனம் ஒன்றிலிருந்து எங்கள் ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் ஓடு) பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. “நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ள பூ டிசைன், 10 அங்குலம், ஆயிரம். பச்சைக்குப் பதில் நீலம். விலை சரி. தொடங்கலாம்.” என் மைத்துனர் “சரி” என்று பதில் போட்டார். மாலைக்குள் முன்பணம் யுபிஐயில் வந்து சேர்ந்தது.

பட்டறையில் நாங்கள் பேசுவதெல்லாம் சதுர அடிக் கணக்கு. ஆயிரம் சதுர அடி என்று எடுத்துக்கொண்டு 1,440 கல் வார்த்தோம். அவர் கேட்டது ஆயிரம் கல். பத்து அங்குலக் கல் ஆயிரம் போட்டால் 695 சதுர அடிகூட நிரம்பாது. லாரி போய் இறங்கியபோதுதான் இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டது. வேறு யாரும் கேட்காத ஒரு நீலத்தில் 440 கல் மீந்தது.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒப்பந்தமே இல்லை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 440 கல் யார் கணக்கில் என்ற பேச்சு நான்கு மாதம் ஓடியது.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கல் வார்ப்பவர்கள், கண்டாங்கி நெசவாளர்கள், கல்யாணப் பலகாரம் செய்யும் ஆச்சிகள், முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்கள் எல்லோரும் இப்போது கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “செல்போன் செய்தி செல்லுமா? இல்லை, பத்திரம் போட வேண்டுமா?” நான் வழக்கறிஞன் அல்ல. பட்டறைக் கணக்கைப் பார்ப்பவன். அந்த நீலக் கல் தந்த எரிச்சலில் சட்டத்தைப் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் தெளிந்ததை எழுதுகிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது, கட்டுப்படுத்துமா என்று. விசித்திரம் என்னவென்றால், சாதாரணச் சரக்கு வியாபாரத்தில் இந்த ஒரு கேள்வியை வைத்து எந்த வழியையும் ஒதுக்க முடியாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 10, கட்டாயமில்லாத சம்மதம், ஒப்பந்தம் செய்யத் தகுதி, கைமாறு (ஒன்றுக்கு ஈடாக மற்றொன்று தருவது), சட்டத்துக்கு உட்பட்ட நோக்கம் ஆகியவற்றையே கேட்கிறது. வேறு சட்டம் எழுத்தை வற்புறுத்தினால் ஒழியத் தாள் வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 5 இன்னும் வெளிப்படை: எழுத்தால் ஆகலாம், வாய்ச்சொல்லால் ஆகலாம், நடத்தையிலிருந்தும் ஆகலாம்.

ஆகவே ஒப்பிட வேண்டியவை வேறு. தகராறு வந்தால் நிரூபிக்க முடியுமா? பேசியதில் எவ்வளவு விவரம் பதிவாகிறது? வியாபாரத்தின் வேகத்தையும் பழகியவர் மனதையும் அது கெடுக்குமா? கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன?

இவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. வாங்குபவர் நாளைக்குக் கைவிட்டால், அந்தச் சரக்கு மறுபடி விலை போகுமா? தொகை பெரிதா சிறிதா என்று பார்த்தே பலரும் தாளைத் தேடுகிறார்கள். ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சிமெண்ட் வாங்கி வைத்தால் எவருக்கும் விற்கலாம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஒருவர் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து வார்த்த கல்லை எவருக்கு விற்பது?

| வழி | நிரூபணம் | விவரத் தெளிவு | வேகம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| வாய்ச்சொல், தொலைபேசி | கடினம். சாட்சியும் நடத்தையுமே துணை | ஞாபகம் உள்ளவரை | மிக வேகம் | மறதி. இரண்டு நினைவுகள் |
| வாட்ஸ்அப், குறுஞ்செய்தி | உண்டு. ஆனால் முறைப்படி தாக்கல் செய்ய வேண்டும் | பெரும்பாலும் அரைகுறை | வேகம் | சான்றிதழ், தொலைந்த போன், யார் அனுப்பியது என்ற சண்டை |
| மின்னஞ்சலில் விலைப்புள்ளியும் ஆர்டரும் | நன்று | நன்று | ஒன்றிரண்டு நாள் | படிக்காமல் விடும் அச்சடித்த நிபந்தனைகள் |
| முத்திரைத்தாளில் ஒப்பந்தம் | மிக நன்று | எழுதுபவரைப் பொறுத்தது | மெதுவு | கட்டணம், தவறாக எழுதினால் அதுவே விலங்கு |

## வாய்ச்சொல்

நகரத்தார் வியாபாரம் என்றாலே ‘ஒரு சொல்லில் பர்மாவரை கடன் போனது’ என்று பெருமை பேசுவார்கள். பாதி உண்மை. சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அவர்களைப்போல் எழுதி வைத்தவர்களும் குறைவு. பேரேடு, ஐந்தொகை, உண்டியல் என்று எல்லாம் எழுத்துத்தான். கல்யாணத்தையே இசைகுடிமானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதியும் சமூகம், வியாபாரத்தை வாய்க்கு விட்டிருக்குமா?

சட்டத்தில் தொலைபேசிப் பேச்சும் செல்லும். ஆமதாபாத் வணிகர் ஒருவர் பருத்திப் பிண்ணாக்கு வாங்க, காம்காவ் ஊர் வியாபாரியோடு தொலைபேசியில் பேசி முடித்த வழக்கில், சம்மதம் எந்த ஊரில் காதில் விழுந்ததோ அங்கேதான் ஒப்பந்தம் உருவானது என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் தீர்ப்பளித்தது. காரைக்குடியிலிருந்து நான் விலை சொல்லி, கோயம்புத்தூர்க்காரர் “சரி” என்றால் ஒப்பந்தம் பிறந்த ஊர் காரைக்குடி. அவர் விலை சொல்லி நான் “சரி” என்றால் கோயம்புத்தூர். எந்த ஊர் நீதிமன்றத்துக்கு அலைவது என்பது வரை இது போகும்.

காசு கொடுத்துச் சரக்கை அன்றே ஏற்றிக்கொண்டு போகும் வியாபாரத்துக்கு வாய்ச்சொல் போதும். மற்றதற்கு வேண்டாம்.

## வாட்ஸ்அப், குறுஞ்செய்தி

நம் வட்டாரத்தில் பெரும்பாலான வியாபாரம் இங்கேதான் நடக்கிறது என்பதால் இதில் சற்றுத் தங்குகிறேன்.

மின்னணு வடிவில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று தள்ள முடியாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சேர்ந்த பிரிவு 10ஏ இதைச் சொல்கிறது. ‘சும்மா செய்திதானே’ என்று நினைத்துப் போடும் பதிலும் கட்டிப்போடலாம்.

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்ததைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று 2021-இல் ஆளிவிதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் உயர்த்திய இமோஜிப் பொம்மையைப் பதிலாகப் போட்டார். ஆளிவிதை வரவில்லை, விலையும் ஏறிவிட்டது. 2023-இல் நீதிமன்றம் அந்தப் பொம்மையைச் சம்மதம் என்று ஏற்று, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. அதன் காரணம்தான் நமக்கு வேண்டியது: அதற்கு முன் பலமுறை அவர் ‘ஓகே’ போன்ற ஒற்றைச் சொல் பதில் போட்டே சரக்கை ஒழுங்காகக் கொடுத்திருந்தார். பழக்கம் சாட்சி சொல்லிவிட்டது. நாமும் அப்படித்தானே பழகியிருக்கிறோம்?

எங்கே கட்டாது? நான்கு இடங்களை மனதில் வைத்திருங்கள்.

“சரி, ஆனால் லாரி வாடகை உங்களுடையது” என்று பதில் போனால் அது சம்மதம் ஆகாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 7 நிபந்தனையற்ற சம்மதத்தையே ஏற்கிறது. ‘ஆனால்’ வந்தவுடன் அது புதிய முன்மொழிவு. பந்து திரும்ப அவர் பக்கம். அவர் அதற்கு ஒன்றும் சொல்லாமல் முன்பணம் அனுப்பிவிட்டால் உங்கள் நிபந்தனையை ஏற்றதாக வாதிடலாம். நடத்தையாலும் சம்மதம் ஆகும் என்கிறது பிரிவு 8.

நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. படித்தார் என்பதற்கு அது அடையாளம். ஒப்புக்கொண்டார் என்பதற்கு அல்ல. “நாளைக்குள் பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்” என்று நீங்களே எழுதி மற்றவரைக் கட்டவும் முடியாது.

விவரம் நிச்சயமில்லாமல் இருந்தால் பிரிவு 29-ன்படி ஒப்பந்தம் செல்லாமல் போகலாம். முக்கியமான விஷயத்தில் இரு தரப்பும் தவறாக நினைத்திருந்தால் பிரிவு 20 வரும். எங்கள் ‘ஆயிரம்’ இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடியது.

நான்காவது, அனுப்பியவர் யார்? கடை போன் கையில் இருக்கும் பையன் விலை ஒத்துக்கொண்டுவிட்டான், முதலாளிக்குத் தெரியாது. தப்ப முடியுமா? அவனுக்கு அதிகாரம் உண்டு என்று வெளியார் நம்பும்படி நீங்கள் நடந்துகொண்டிருந்தால், பிரிவு 237 உங்களைப் பிடிக்கும். அவன் 18 வயது நிரம்பாதவனாக இருந்தாலும், மூன்றாம் ஆளைப் பொறுத்தவரை முகவர் ஆகலாம் என்கிறது பிரிவு 184. பெட்டியடிப் பையனை (கடையில் தொழில் பழகும் சிறுவனை) ரங்கூன் கடைக்கு அனுப்பிய காலத்தில் அவன் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது கடை எண்ணைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்வதில்லை.

இனி நிரூபணம். வாட்ஸ்அப் செய்தியைக் கிட்டத்தட்ட வாய்ப்பேச்சுக்குச் சமமாக வைத்து, அதன் பொருளையும் உள்ளடக்கத்தையும் விசாரணையில் சாட்சியத்தால் நிறுவ வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. திரைப்படம் எடுத்து நீட்டினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். (திரைப்படம் என்றது ஸ்கிரீன்ஷாட்டை, எங்கள் கணக்குப்பிள்ளை அப்படித்தான் சொல்வார்.) 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம், பிரிவு 63-இன் கீழ் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. அதில் இரண்டு பகுதி: ஒன்றைத் தாக்கல் செய்பவர் கொடுக்க வேண்டும், மற்றொன்றை வல்லுநர் கொடுக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 65பி சான்றிதழும் கட்டாயம்தான் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருந்தது. செய்தி இருக்கும் அசல் போனையே உரியவர் சாட்சிக் கூண்டில் ஏறிக் காட்டினால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பில் உண்டு. ஆகவே பழைய போனை மாற்றுக்கடையில் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

செயலியின் தந்திரங்களும் செலவில் சேரும். அனுப்பிய செய்தியை 15 நிமிடம் வரை திருத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை எல்லோரிடமிருந்தும் அழிக்கலாம். 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ தானே மறையும்படியும் அமைக்கலாம். வியாபார உரையாடலில் எதிர்ப்பக்கம் இந்த மறையும் அமைப்பைப் போட்டால் நான் உடனே மின்னஞ்சலுக்கு மாறிவிடுவேன்.

சாம்பிள் பற்றியும் ஒரு வார்த்தை. சாம்பிள் பார்த்து வாங்கினால் மொத்தச் சரக்கும் அதன் தரத்தில் இருக்க வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 17. செல்போன் படம் சாம்பிளா? நம் கல் கண்ணாடிமேல் கையால் சாயம் ஊற்றி வார்ப்பது. ஒரு கல்லும் மறு கல்லும் ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்காது. அதே நீலம் ஒரு போனில் ஊதாவாகவும் தெரியும். “படம் அடையாளத்துக்கு மட்டும், நிறம் நேரில் அனுப்பும் கல்லின்படி” என்ற ஒரு வரி இல்லாமல் இப்போது நாங்கள் படம் அனுப்புவதில்லை.

இது பொருந்துவது: பழகிய வாடிக்கையாளர், கைவிட்டால் வேறொருவருக்கு விற்கக்கூடிய சரக்கு, முன்பணம் வங்கி வழியே வந்த பேரம். யுபிஐ குறிப்பில் “12 கண்டாங்கி, முன்பணம்” என்று எழுதச் சொல்லுங்கள். செய்தியைவிட அது பலமான துணை.

## மின்னஞ்சலில் விலைப்புள்ளியும் ஆர்டரும்

நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். ஆஸ்திரேலிய பாக்சைட் வியாபாரம் ஒன்றில், ஐந்து கப்பல் சரக்குக்கு மின்னஞ்சலில் ஒப்புதல் போய்விட்டபின், முறையான தாளில் கையெழுத்து ஆகவில்லை என்று வாங்குபவர் பின்வாங்கினார். முக்கிய நிபந்தனைகள் எல்லாம் பேசி முடிந்த நிலையில் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ட்ரைமெக்ஸ், வேதாந்தா வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்வது இதுதான்.

மின்னஞ்சல் மந்திரம் ஒன்றும் அல்ல. அதற்கும் அதே பிரிவு 63 சான்றிதழ்தான். ஆனால் மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தால் மனிதன் முழு வாக்கியம் எழுதுகிறான். தேதி, அளவு, வாடகை எல்லாம் தானே வந்து விழும்.

சிறு உற்பத்தியாளருக்கு இன்னொரு லாபம் உண்டு. உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்க முடியாது. எழுத்தில் ஒன்றும் இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. வட்டிக் கணக்கில் ஊறிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மறைந்த செலவு: பெரிய நிறுவனங்கள் அனுப்பும் ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கும். வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில், தாமதத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு பிடித்தம் என்றெல்லாம். மழைக்காலத்தில் கல் காய்வதற்கு ஆகும் நாளை அவர்கள் வீட்டு அட்டவணை அறியாது. பிடித்தம் பற்றிய வரி இருந்தால் மறுத்து எழுதிவிட்டுத்தான் ‘சரி’ சொல்ல வேண்டும்.

## முத்திரைத்தாளில் ஒப்பந்தம்

முத்திரைத்தாள் ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுப்பதில்லை, நோட்டரி முத்திரையும் கொடுப்பதில்லை. ஆனால் தாளில் எழுதிவிட்டு உரிய முத்திரைத் தீர்வை கட்டாமல் விட்டால், குறைத் தீர்வையையும் அபராதத்தையும் கட்டும்வரை அதைச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள்.

நிலம், வீடு என்றால் வேறு பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், விற்பனை உடன்படிக்கையைக்கூடப் பதிவு செய்ய வேண்டும். பங்காளிகள் பத்துப் பேர் பத்து நாட்டில் இருக்கும் வீட்டை ‘குழுவில் எல்லோரும் சரி என்று போட்டுவிட்டார்கள்’ என்று நம்பி முன்பணம் கொடுப்பவர்களைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது.

அண்ணன் தம்பியாகச் சேர்ந்து பட்டறை நடத்துபவர்களுக்கு ஒன்று. கூட்டு நிறுவனத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால், 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 69 அந்த நிறுவனத்தின் பெயரில் வெளியார்மேல் ஒப்பந்த வழக்குப் போட விடாது. எவ்வளவு அழகான பத்திரம் எழுதியிருந்தாலும் இந்தக் கதவு மூடியே இருக்கும்.

உறவுச் செலவும் உண்டு. இருபது ஆண்டு பழகியவரிடம் திடீரென்று தாளை நீட்டினால் முகம் மாறும். நான் சொல்லும் சமாதானம்: “அண்ணே, ஆடிட்டர் கேட்கிறார்.” பெரும்பாலும் வேலை செய்கிறது.

## எந்தச் சரக்குக்கு எது?

கண்டாங்கிச் சேலை: வாட்ஸ்அப் போதும். கைவிட்டால் அடுத்தவர் வாங்குவார். தனி நிறம், தனிக் கரை போட்டு நெய்யச் சொன்னால் மட்டும் மின்னஞ்சல், பாதி முன்பணம்.

கல்யாணப் பலகாரம்: தேன்குழலும் சீப்புச் சீடையும் முகூர்த்தம் தாண்டினால் யாருக்கும் வேண்டாம். தொகை சிறிது, அபாயம் பெரிது. தாள் தேவையில்லை. தேதி, எண்ணிக்கை, ‘எத்தனை நாளுக்கு முன்புவரை ரத்து செய்யலாம்’ என்ற மூன்றும் செய்தியில் வர வேண்டும். முன்பணம் எண்ணெய், மாவுச் செலவையாவது மூட வேண்டும்.

பழம்பொருள்: இங்கே வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் பொருளைப் பார்க்க வேண்டும். நூறாண்டு கடந்த சிற்பம், கலைப்பொருள் போன்றவை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்; அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. சட்டவிரோத நோக்கம் என்றால் செய்தியானாலும் முத்திரைத்தாளானாலும் ஒப்பந்தம் செல்லாது. உள்ளூர் விற்பனைக்கு ஒரே ஒரு தூண், ஒரே ஒரு கதவு என்றால், எல்லாப் பக்கமும் எடுத்த படங்களோடு மின்னஞ்சல்.

படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு விடுவது: ஒப்பந்தம் தாளில். பர்மாத் தேக்குக் கதவில் ஆணி அடித்துவிட்டுப் போனால், யார் கொடுப்பது என்று எந்த ‘ஓகே’யும் சொல்லாது.

ஆத்தங்குடிக் கல்: இருப்பில் உள்ள டிசைனுக்குச் செய்தி போதும். நிறம் மாற்றினாலோ, புது அச்சு வெட்டினாலோ மின்னஞ்சல் வராமல் சாயம் கலக்கக்கூடாது என்பது இப்போது எங்கள் பட்டறை விதி.

மின்னஞ்சல் பழக்கமில்லாத வாடிக்கையாளர் என்றால், பேசியதை எல்லாம் ஒரே செய்தியாகத் தொகுத்து அனுப்புகிறோம்:

“டிசைன் எண் 14, 10 அங்குலம், 500 சதுர அடி, அதாவது 720 கல். நிறம் உங்களுக்கு அனுப்பிய சாம்பிள் கல்லின்படி. விலை, வரி இவ்வளவு. லாரி வாடகை உங்களுடையது. முன்பணம் வந்த நாளிலிருந்து 30 நாள். மழை நாள் சேராது. வார்க்கத் தொடங்கியபின் ரத்து செய்தால் வார்த்த கல்லுக்குப் பணம் உண்டு. இவை எல்லாம் சம்மதம் என்றால், ‘720 கல், சம்மதம்’ என்று எழுதி அனுப்புங்கள்.”

‘சரி’யோ கட்டைவிரலோ வந்தால் மறுபடி கேட்போம். எண்ணைத் தன் கையால் எழுதும்போதுதான் பலர் நின்று கணக்குப் போடுகிறார்கள். போன மாதம் ஒருவர், “720 எதற்கு? எனக்கு 500 கல்தான்” என்று திருப்பி எழுதினார்.

அந்த 440 நீலக் கல்லைப் பாதி விலைக்கு அவர் எடுத்துக்கொள்வதாகப் பேசி முடித்தோம். தொலைபேசியில்தான். இன்னும் லாரி வரவில்லை.